ஸ்வீடிஷ் மொழிக்கு ஒரு மத்திய வங்கி விமர்சன நூல்: நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்

2022ஆம் ஆண்டுக் கணக்கை முடித்தபோது ஸ்வீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் ஏறக்குறைய 8,100 கோடி குரோனா நட்டம் காட்டியது. வட்டி பூஜ்யத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடந்த வருடங்களில் வாங்கிச் சேர்த்த கடன்பத்திரங்கள், வட்டி ஏறியதும் மதிப்பிழந்துவிட்டன. 2024ல் ரிக்ஸ்பாங்க் நாடாளுமன்றத்திடம் சுமார் 4,370 கோடி குரோனா மூலதனம் கேட்டது. நாடாளுமன்றம் 2,500 கோடி கொடுத்தது. நாட்டின் பணத்தையே உருவாக்கும் வங்கி, பொதுப்பணத்தைக் கேட்டு வந்து நிற்கிறது. இதைவிடப் பெரிய செய்தி எது? எனக்குத் தெரிந்தவர்களிடையே அந்தப் பேச்சு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மட்டும் அது நின்றுவிடவில்லை. நாலைந்து பேர் நூலக அறை ஒன்றில் கூடி, ஒரு புத்தகத்தை மாலை மாலையாகப் படித்துப் பேசுவது ஸ்வீடனில் நூற்றாண்டைக் கடந்த பழக்கம். நாங்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வரலாற்று ஆசிரியை, ஆங்கிலத்திலிருந்து ஸ்வீடிஷுக்கு மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண், கணக்கு வேலை பார்க்கும் நான். வங்கி ஊழியர்தான் ஆரம்பித்து வைத்தார். மத்திய வங்கி என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்கும் புத்தகம் ஒன்றை ஸ்வீடிஷில் கொண்டுவரலாம், எதை என்று நாம் முடிவு செய்வோம் என்றார். ஒரு பருவத்தில் முடியும் என்று நினைத்தோம். இரண்டு பருவம் ஆனது. முதலில் எடுத்த முடிவைப் பாதியில் கைவிட்டோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

இதற்குப் பதில் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. ஸ்வீடன்காரர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் நன்றாகப் படிப்பார்கள். அப்படியிருக்க ஏன் இந்தப் பாடு?

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை எடுத்து வைத்தார்: மீனுஸ்ரென்டா. மைனஸ் வட்டி. 2015 பிப்ரவரியில் ரிக்ஸ்பாங்க் தன் அடிப்படை வட்டியான ரெப்போ விகிதத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியது. 2016ல் அது மைனஸ் 0.50 சதவீதம் வரை போனது. அந்த வருடங்களில் எல்லோர் வாயிலும் இந்தச் சொல் இருந்தது. நிலைமையைச் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எதிர்த்து வாதாட வேண்டிய மற்ற சொற்கள் மக்கள் பேச்சில் இல்லை. பணக்கொள்கை பற்றி ஸ்வீடிஷில் புழங்கும் சொற்களில் பெரும்பகுதி ரிக்ஸ்பாங்க்கின் அறிக்கைகளிலிருந்து வந்தவை. 2022ல் ரெப்போரென்டா, அதாவது ரெப்போ வட்டி, என்ற பெயரை அவர்கள் ஸ்டீர்ரென்டா, அதாவது வழிநடத்தும் வட்டி, என்று மாற்றினார்கள். செய்தித்தாள்களும் அதையே எழுதின. ஆங்கிலத்தில் படித்தவர் ஆங்கிலத்திலேயே புரிந்துகொண்டு நின்றுவிடுகிறார். நாடாளுமன்றத்திலும் சாப்பாட்டு மேசையிலும் விவாதம் ஸ்வீடிஷில்தான் நடக்கிறது. பொருளாதாரத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அப்பாவுக்குத் தமிழில் சொல்ல முயன்று தடுமாறியவன் நான். மொழிபெயர்ப்பாளர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

பட்டியல்

ஏழெட்டுப் பெயர்கள் எழுதினோம். எதையும் தொடுமுன் லிப்ரிஸில், அதாவது ஸ்வீடிஷ் தேசிய நூலகம் நடத்தும் கூட்டுப் பட்டியலில், தேட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்போதோ சிறிய பதிப்பாக வந்து மறைந்த மொழிபெயர்ப்பைத் தெரியாமல் திரும்பச் செய்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் விபத்தாம்.

பட்டியலிலிருந்து முதலில் விழுந்தது, ஜெகில் தீவுக் கூட்டத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட புகழ்பெற்ற ஒரு அமெரிக்க நூல். 1910 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அந்தத் தீவில் வங்கியாளர்களும் ஒரு செனட்டரும் ரகசியமாகக் கூடியது உண்மை. 1913ல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை உருவாக்கிய சட்டம் வந்ததும் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் ஒரு சதியாகப் பின்னும் வாதம் ஸ்வீடனில் எடுபடாது. ஃபெடரல் ரிசர்வின் 12 வட்டார வங்கிகளின் பங்குகள் உறுப்பு வங்கிகளின் கையில் இருக்கின்றன. அதனால் அங்கே 'இது தனியார் வங்கி' என்ற கூச்சலுக்கு ஒரு பிடி உண்டு. ரிக்ஸ்பாங்க் 1668லிருந்தே நாடாளுமன்றத்தின் சொத்து. அதன் பணக்கொள்கைக் கூட்டக் குறிப்புகள் யார் என்ன சொன்னார் என்று பெயரோடு வெளியாகின்றன. மறைத்து வைத்தார்கள் என்று இங்கே குற்றம் சாட்ட முடியாது. எல்லாமே வெளிப்படையாக நடந்தும் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் இங்குள்ள பிரச்சினை. அதற்கு வேறு புத்தகம் வேண்டும்.

வில்லியம் கிரைடர் 1987ல் எழுதிய 'சீக்ரெட்ஸ் ஆஃப் த டெம்பிள்' எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்த பால் வோல்க்கர் வட்டியை ஏற்றிய காலத்தை, அதனால் அடிபட்டவர்களையும் சேர்த்துச் சொல்லும் நூல். ஆனால் கிட்டத்தட்ட 800 பக்கம், அத்தனையும் வாஷிங்டன். விட்டுவிட்டோம்.

ரிச்சர்ட் வெர்னரின் 'பிரின்ஸஸ் ஆஃப் த யென்' வங்கி ஊழியரின் தேர்வு. ஜப்பான் வங்கி, எந்த வங்கி எவ்வளவு கடன் கொடுக்க வேண்டும் என்று மறைமுகமாக ஒதுக்கீடு செய்தே 1980களின் குமிழியை ஊதியது என்பது அதன் வாதம். அவர் அதை விரும்பியதற்குச் சொந்தக் காரணம் இருந்தது. 1985 நவம்பரில் ரிக்ஸ்பாங்க் வங்கிகளின் கடன் உச்சவரம்பை நீக்கியபோது அவர் கடன் பிரிவில் இருந்தார். அதற்கு முன்னால் கடன் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அப்புறம் ஆட்களைத் தேடிப்போய்க் கொடுப்பதே வேலையாகிவிட்டது என்றார். கட்டட விலைகள் ஏறின, விழுந்தன, வங்கிகள் ஆட்டம் கண்டன. 1992 செப்டம்பரில் குரோனாவின் மதிப்பைக் காப்பாற்ற ரிக்ஸ்பாங்க் வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது. இரண்டே மாதத்தில், நவம்பர் 19 அன்று, குரோனாவை மிதக்க விட்டுவிட்டார்கள். அவர் பேசி முடித்தபோது அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஜப்பானில் நடந்ததாக அந்த நூல் சொல்வது உள்ளிருந்து கடனைத் தள்ளிவிட்ட கதை. ஸ்வீடனில் நடந்தது இருந்த மூடியைத் திறந்துவிட்ட கதை. ஒன்றைக் காட்டி மற்றதை விளக்கினால் வாசகர் தவறான இடத்தில் காரணம் தேடுவார். அவரே இதை ஒப்புக்கொண்டார்.

பால் டக்கரின் 'அன்எலெக்டட் பவர்' 2018ல் வந்தது. இங்கிலாந்து வங்கியின் துணை ஆளுநராக இருந்தவர், தேர்தலில் நிற்காதவர்களுக்கு இவ்வளவு அதிகாரம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று கேட்கிறார். ஸ்வீடனில் புதிய ரிக்ஸ்பாங்க் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் இதுதான் சரியான நேரம் என்று ஆசிரியை வாதிட்டார். அந்த வாதம் வலுவானது. நூல் மிகப் பெரியது. அதோடு, மத்திய வங்கி இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குள் அது போவதில்லை. இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வேலி போடுகிறது. எங்களுக்கு அந்த முதல் கேள்வியே வேண்டியிருந்தது. ஆசிரியை இன்றும் முழுமையாக உடன்படவில்லை.

முதல் முடிவும் அது உடைந்த இடமும்

நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மர்ரி ராத்பார்டு 1963ல் எழுதிய சிறு நூல், 'வாட் ஹேஸ் கவர்ன்மென்ட் டன் டு அவர் மணி'. சின்னது, தெளிவானது, கோபமானது. பணம் சந்தையில் தானாக எப்படிப் பிறந்தது, அரசு அதற்குள் படிப்படியாக எப்படி நுழைந்தது என்று ஒரு பள்ளி மாணவருக்கும் புரியும்படி சொல்கிறது. அதில் இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. ராத்பார்டு சேர்ந்த ஆஸ்திரியப் பொருளாதாரச் சிந்தனை மரபின் வட்டிக் கோட்பாடு ஸ்வீடனிலிருந்து போனது. க்னுட் விக்செல் 1898ல் வெளியிட்ட நூலில்தான் இயற்கை வட்டி, அதாவது விலைவாசியை ஏற்றாமலும் இறக்காமலும் விடும் வட்டி, என்ற கருத்து உருவானது. வங்கி கேட்கும் வட்டி அதற்குக் கீழே போனால் விலைவாசி ஏறும் என்றார் அவர். ஸ்வீடன்காரரான அவர் அந்த நூலை ஜெர்மன் மொழியில் எழுதினார். வியன்னாவில் அதைப் படித்து வளர்த்தார்கள், அங்கிருந்து அமெரிக்கா போனது. ஊரை விட்டுப் போன கருத்தைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வருகிறோம் என்ற எண்ணமே எங்களுக்கு உற்சாகம் தந்தது.

சோதனைக்காகப் பத்துப் பக்கம் மொழிபெயர்த்தோம். நூலகத்துக்கு வரும், பொருளாதாரம் படிக்காத மூன்று பேரிடம் உரக்க வாசித்துக் காட்டினோம். எளிதில் பிரிக்கலாம், எடுத்துச் செல்லலாம் என்பதால் மக்கள் தங்கத்தையும் வெள்ளியையும் பணமாக ஏற்றார்கள் என்ற பகுதி வந்ததும் ஒருவர் நிறுத்தினார். சின்ன வயதில் அருங்காட்சியகத்தில் செப்புப் பலகைப் பணத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்களே, அது என்ன கணக்கு என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து எங்களால் தப்ப முடியவில்லை. 1644லிருந்து ஸ்வீடனில் செப்புப் பலகைகளே பணமாக அடிக்கப்பட்டன. மிகப் பெரிய 10 டாலெர் (அன்றைய ஸ்வீடிஷ் நாணயம்) பலகை ஒன்றின் எடை 19.7 கிலோ. எந்தச் சந்தையும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஃபாலுன் சுரங்கத்துச் செம்பின் விலையை உலகச் சந்தையில் தாங்கிப் பிடிக்க அரசு செய்த ஏற்பாடு அது. சரி, அரசு தலையிட்டால் பணம் கெடும் என்பதற்கு இது நல்ல சாட்சிதானே என்று தோன்றும். ஆனால் அடுத்து நடந்தது வேறு. யூஹான் பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் ஸ்டாக்ஹோம்ஸ் பாங்க்கோ என்ற வங்கியை நடத்தினார். பலகையைச் சுமப்பதைவிடக் காகிதம் மேல் என்று 1661ல் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை வெளியிட்டார். கையிருப்புக்கு மேல் நோட்டு விட்டார். மக்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தபோது கொடுக்க முடியவில்லை. 1668ல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு சிறையாக மாற்றினார்கள். அதே ஆண்டு, இடிந்த வங்கியின் இடத்தில் நாடாளுமன்றம் நிறுவிய வங்கியே இன்றைய ரிக்ஸ்பாங்க். புதிய வங்கிக்கு நோட்டு வெளியிடும் அனுமதியே முதலில் கிடையாது. அந்த அளவுக்கு நாடு சூடுபட்டிருந்தது.

பால்ம்ஸ்ட்ரூக் தனியாரா, அரசா? வங்கியை நடத்தியது அவர். ஆனால் அரச சாசனம் பெற்று நடத்தினார். லாபத்தில் பாதி அரசுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சந்தை ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று கோடு கிழிக்கும் நூலை இந்த நாட்டின் முதல் வங்கிக் கதையே திணறடிக்கிறது. பத்துப் பக்கத்துக்குப் பதினோரு அடிக்குறிப்பு தேவைப்பட்டது. அப்போது நிறுத்தினோம்.

இந்த இடத்தில் ஆசிரியை கொண்டுவந்த ஒன்று என்னை மிகவும் பாதித்தது. ஆண்டர்ஸ் ஷிடேனியுஸ், பின்லாந்தின் மேற்குக் கரைப் பகுதியைச் சேர்ந்த பாதிரியார். பின்லாந்து அப்போது ஸ்வீடனின் பகுதி. 1765ல் கூடிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராக வந்தார். முந்தைய ஆட்சிக் காலத்தில் நோட்டுகள் பெருகி மதிப்பு விழுந்திருந்தது. புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர்கள், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள், குரோனாவுக்கு முந்தைய அந்தப் பணத்தைப் பழைய மதிப்புக்கே ஏற்றப் போனார்கள். அப்படி ஏற்றினால் கடன்பட்டவர்களும் தொழில் செய்பவர்களும் நசுங்குவார்கள், இன்றுள்ள மதிப்பிலேயே நிலைநிறுத்துங்கள் என்று 1766ல் அவர் ஒரு நூல் எழுதினார். அதற்காக அவரை அவையிலிருந்து வெளியேற்றினார்கள். அதே அவை முடிவு செய்த எழுத்துச் சுதந்திரச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று வெளியானது. அந்தச் சட்டம் வருவதற்குப் பெரிதும் பாடுபட்டவரும் அவர்தான்.

ஆக, பணத்தை நிர்வகிப்பவர்களை எதிர்த்து எழுதுவது ஸ்வீடிஷ் மொழிக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து ஒரு கோபத்தை இறக்குமதி செய்யத்தான் வேண்டும் என்ற எங்கள் நினைப்பு தவறு. அதன்பிறகு எங்கள் கேள்வி மாறியது. எந்த நூல் ஸ்வீடன் வரலாற்றோடு உட்கார்ந்து பேச முடியும்?

1936ல் எழுதிய ஒரு ஆய்வேடு

வேரா ஸ்மித். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஃப்ரீட்ரிக் ஹாயெக்கின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர். 1936ல் அது 'த ரேஷனேல் ஆஃப் சென்ட்ரல் பேங்கிங்' என்று நூலாக வந்தபோது அவருக்கு வயது 24 தான். மத்திய வங்கி எப்படி, ஏன் வந்தது? அதைவிட முக்கியமாக, வராமல் இருந்திருக்க முடியுமா? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா என்று நாடு நாடாகப் போய் 19ஆம் நூற்றாண்டின் வாதங்களைத் தோண்டுகிறார். அவர் வந்து சேரும் முடிவு: மத்திய வங்கி என்பது வங்கித் தொழில் வளர்ந்ததால் இயல்பாக முளைத்த ஒன்றல்ல. வெளியிலிருந்து திணிக்கப்பட்டது, அல்லது அரசு கொடுத்த சலுகைகளால் உருவானது.

சலுகை என்ற அந்தச் சொல்தான் எங்களைப் பிடித்து நிறுத்தியது. பால்ம்ஸ்ட்ரூக்கின் சாசனம், ரிக்ஸ்பாங்க்கின் ஏகபோகம் எல்லாமே அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தன. அடிக்குறிப்பு இல்லாமலேயே. மத்திய வங்கியை முழுமனதாக நம்பும் ஒருவரும் கோபப்படாமல் கடைசிப் பக்கம் வரை படிக்கலாம். படித்து முடித்தபின் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். விமர்சன நூலுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிக்ஸ்பாங்க் தன் 300ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1968ல் நிறுவியதுதான், உலகம் பொருளாதார நோபல் என்று அழைக்கும் பரிசு. 1974ல் ஹாயெக் அதை குன்னார் மிர்டாலோடு பகிர்ந்துகொண்டார். இரண்டு ஆண்டு கழித்து, தனியார் நாணயங்கள் போட்டியிடட்டும், அரசின் ஏகபோகம் போகட்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அதையும் பரிசீலித்தோம். அது வருங்காலத்துக்கான யோசனை. நடந்ததை முதலில் தெரிந்துகொள்ளாத வாசகருக்கு அது காற்றில் நிற்கும்.

ஸ்மித்தின் நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. நடை வறண்டது, ஆய்வேட்டின் நீள வாக்கியங்கள். இன்றைய மைனஸ் வட்டி, பத்திரக் கொள்முதல் எதுவும் அதில் கிடையாது. ஸ்வீடனுக்கென்று ஓர் அத்தியாயமும் இல்லை. இந்தக் கடைசிக் குறையை நாங்கள் வாய்ப்பாக எடுத்துக்கொண்டோம். ஸ்வீடன் பற்றிய பின்னுரை ஒன்றை ஆசிரியை எழுதுவது என்று முடிவானது.

நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 1936ல் வந்த புத்தகம், உரிமை எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து முதல் அத்தியாயத்தை முழுதாக மொழிபெயர்த்துவிட்டோம். ஸ்வீடனில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். வேரா ஸ்மித், திருமணத்துக்குப் பின் வேரா லுட்ஸ், 1976ல் இறந்தார். 2046 முடியும்வரை அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. வெளியான ஆண்டைப் பார்க்காமல் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்த விஷயம். எங்கள் அவசரத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அனுமதிக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுதினோம். பதில் வரும்வரை செய்வதெல்லாம் எங்கள் மேசைக்குள்தான் இருக்கும்.

ஒரே ஒரு சொல்

அதிக நேரம் எடுத்தது 'ஃப்ரீ பேங்கிங்' என்ற தொடர். பல வங்கிகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டுப் போட்டியிடும் ஏற்பாடு. இதே மாதிரி ஒன்று ஸ்வீடனில் இருந்தது: என்ஷில்டா வங்கிகள், அதாவது தனியார் வங்கிகள். 1830களில் தென் ஸ்வீடனின் யீஸ்டாட் நகரில் முதல் வங்கி தொடங்கியது. பல பத்தாண்டுகள் அவை சொந்த நோட்டு வெளியிட்டன. வங்கி முறிந்தால் பங்குதாரர்கள் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1897ல் வந்த சட்டம் ரிக்ஸ்பாங்க்குக்கு நோட்டு ஏகபோகம் கொடுத்தது. சில ஆண்டுகளில் அவற்றின் நோட்டுகள் மறைந்தன.

வங்கி ஊழியர் 'என்ஷில்டா வங்கிமுறை' என்றே போடலாம் என்றார். ஸ்வீடிஷ் வாசகருக்குச் சட்டென்று வீடு போலத் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் மறுத்தார். என்ஷில்டா வங்கிகள் அரசரின் அனுமதியோடு நடந்தவை, பக்கத்திலேயே ரிக்ஸ்பாங்க்கும் நோட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஸ்மித் பேசும் முழுச் சுதந்திரம் அது இல்லை. அந்தச் சொல்லைப் போட்டால் ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணித்ததாகும் என்றார். மூன்று மாலைகள் இதிலேயே போயின. நான் முதலில் வங்கி ஊழியர் பக்கம் இருந்தேன். ஸ்காட்லாந்து அத்தியாயத்தைப் படித்த பிறகு மாறிவிட்டேன். கடைசியில் மூலத்துக்கு 'ஃப்ரி பாங்க்ரோரெல்செ', சுதந்திர வங்கித் தொழில், என்று வைத்தோம்; என்ஷில்டா என்ற சொல் பின்னுரையில் மட்டும் வரும். ஆங்கிலத்தின் 'சார்ட்டர்' என்பதற்கு மட்டும் சண்டையே வரவில்லை. 19ஆம் நூற்றாண்டு வங்கிகளுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிக்கு ஸ்வீடிஷில் ஒக்ட்ரோய் என்ற பழைய சொல் காத்துக்கொண்டிருந்தது.

பின்னுரையின் வரைவை அதே மூன்று பேரிடம் வாசித்துக் காட்டினோம். என்ஷில்டா வங்கிகள் நோட்டு வெளியிட்ட பகுதி வந்ததும், முன்பு செப்புப் பலகையைக் கேட்டவர் சட்டைப் பையிலிருந்து தன் வங்கி அட்டையை எடுத்தார். எஸ்இபி என்று போட்டிருந்தது. ஸ்காண்டினாவிஸ்கா என்ஷில்டா பாங்க்கன். நாற்பது வருடமாக இந்த வங்கியில்தான் கணக்கு, நடுவில் இருக்கும் அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை என்றார். அதன் முன்னோடிகளில் ஒன்றான ஸ்டாக்ஹோம்ஸ் என்ஷில்டா பாங்க் 1856ல் தொடங்கியது என்று ஆசிரியை சொன்னார். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.